கிருமி செத்தால் மூட்டு சரியாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவள் நான். "அதை விட்டுவிட்டு டாக்ஸிசைக்ளின் போடுங்கள், கிருமி செத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை என் நாத்தனார் அனுப்பியிருந்தார்.

இது வெறும் கட்டுக்கதையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அமெரிக்க மருத்துவர் தாமஸ் மெக்பெர்சன் பிரவுன், மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்று நம்பி, பல ஆண்டுகள் டெட்ராசைக்ளின் வகை கிருமிக்கொல்லி மருந்துகளைக் கொடுத்துவந்தார். டாக்ஸிசைக்ளினும் இந்த வகைதான். அப்புறம் அங்கேயே 219 நோயாளிகளிடம் 48 வாரம் அதே வகையைச் சேர்ந்த மினோசைக்ளினைச் சோதித்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு மூட்டு வீக்கம் குறைந்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலும் 39 சதவீதம் பேருக்குக் குறைந்தது! பலன் உண்டு, ஆனால் இவ்வளவுதான். அதுவும் கிருமி செத்ததால் என்று நிரூபணமாகவில்லை. அழற்சியைத் தணிப்பது, குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைத் தடுப்பது என்று இந்த மருந்துகளுக்கு வேறு குணங்களும் உண்டு. மாதக்கணக்கில் மினோசைக்ளின் எடுத்தால் தோல் கருநீலமாக மாறலாம், தலைசுற்றலாம். மெத்தோட்ரெக்ஸேட்டை நாமாக நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பி மூட்டு கோணிப்போகும் ஆபத்து வேறு.

நாத்தனார் ஒரு அட்டை மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டார். மெடிக்கலில் யாரும் டாக்டர் சீட்டைக் கேட்கவில்லையாம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு மூட்டுவாத நிபுணரை இதைப்பற்றி எழுதச் சொல்லுங்கள். நான் சொன்னால் நாத்தனார் கேட்பதாக இல்லை.

ஒரு வாசகி,
திருச்சி