அந்தச் சொல் தெரிந்த நீதிபதி

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி அடைந்தேன். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் தங்கள் உரிமைக்காகக் கேலியையும் வேடிக்கையையும் கையில் எடுத்தால் யார் அவர்களைப் பொருட்படுத்துவார்கள் என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும், அமெரிக்காவில் அந்தப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய மார்கோ செயின்ட் ஜேம்ஸ்தான் நினைவுக்கு வந்தார்.

1962இல் சான்பிரான்சிஸ்கோவில் இத்தொழில் செய்ததாகக் கைதானபோது, வாடிக்கையாளரைக் குறிக்கும் 'ட்ரிக்' என்ற கொச்சைச் சொல்லைப் பயன்படுத்தி, தாம் அப்படி ஒருவரையும் ஏற்றதில்லை என்று அவர் நீதிபதியிடம் சொன்னார். அந்தப் பேச்சு தெரிந்தவள் தொழில்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நீதிபதி முடிவு கட்டிவிட்டார். சொல்லைக் கேட்டதும் பொருள் புரிந்துகொண்ட நீதிபதி எப்படிப்பட்டவர் என்று கேட்க அன்று ஆளில்லை! மார்கோ சட்டம் படித்து, மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை உடைத்தார்.

1973இல் அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர் 'கொயோட்டி'. அது நரியைப் போன்ற ஒரு விலங்கின் பெயர். அதன் ஆங்கில எழுத்துகளை விரித்தாலோ, 'உங்கள் பழைய, களைத்துப்போன ஒழுக்க நெறிகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்' என்று, ஏவிவிட்ட நாயைத் திரும்பக் கூப்பிடச் சொல்வதுபோல் பொருள் வரும். இயக்கத்துக்கு நிதி திரட்ட அவர்கள் நடத்திய முகமூடி நடன விழாவுக்கு, 1978இல், கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கௌ பேலஸ் அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். மனு கொடுக்கப் போயிருந்தால் அந்தப் பெண்கள்தான் தலைகுனிந்து நின்றிருப்பார்கள். இங்கோ ஊரே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டு விருந்துக்கு வந்தது. எல்லோரும் முகமூடி அணிந்த இடத்தில், தொழில் செய்பவள் யார், வேடிக்கை பார்க்க வந்தவள் யார் என்று எந்தக் காவலரால் பிரித்துச் சொல்ல முடியும்?

1996இல் நகராட்சித் தேர்தலில் அவர் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். ஆனால், 1999இல் அதே நகரத்தில் பாலியல் தொழிலாளர்களுக்கென ஒரு மருத்துவமனை அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது.

நாம் தமிழில் இன்று 'பாலியல் தொழிலாளி' என்று எழுதுகிறோமே, அதன் ஆங்கில மூலத்தை உருவாக்கிய கேரல் லீயும் மேடையில் சிரிக்கவைத்தவர்தான். வேசி என்று பொருள்படும் 'ஹார்லட்' என்ற வசைச்சொல்லையே எதுகையாக்கி 'ஸ்கார்லட் ஹார்லட்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு தனிநபர் நாடகம் நடத்தியவர் அவர். ஒரு சொல் தெரிந்ததற்காக ஒருத்தி தண்டிக்கப்பட்ட ஊரில், இன்னொருத்தி அந்தத் தொழிலுக்கே வேறு சொல் கொடுத்தாள்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கல்லூரி நாடகத்தில் நீ நீதிபதியாக நடித்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பை அதே குரலில் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மீனாட்சி