ரீசார்ஜ் எண்ணில் சூத்திரம் ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் மாலை வேளைகளில் மகனுடைய செல்போன் கடையில் உட்காருவது என் வழக்கம். சென்ற வாரம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், ரப்பர் பேண்டு போட்ட பழைய ரீசார்ஜ் கூப்பன் கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்து, சுரண்டிய இடத்தில் உள்ள 16 இலக்க எண்களில் ஓர் ஒழுங்கு தெரிவதாகவும், அதைப் பிடித்துவிட்டால் அடுத்த கூப்பனின் எண்ணைத் தாமே எழுதிவிடலாம் என்றும் சொன்னார். அதற்கான 'சூத்திரம்' தருவதாகச் சொன்ன ஒரு வீடியோக்காரருக்குப் பணமும் கட்டியிருந்தார்.

பெரும்பாலான எண்களில் ஏதோ ஓர் இலக்கம் அடுத்தடுத்து இருமுறை வருகிறது, ஓரிரு இலக்கங்கள் வருவதே இல்லை என்பவை அவர் கண்டவை. இரண்டும் உண்மையே. ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் வேறுபடப் பத்தில் ஒன்பது வாய்ப்பு என்றால், 15 ஜோடிகளும் வேறுபட 0.9-ஐப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 0.2. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண்களிலும் ஐந்தில் நான்கில் இரட்டை இலக்கம் இருக்கும். இப்படியே கணக்கிட்டால், சராசரியாக இரண்டுக்குச் சற்றுக் குறைவான இலக்கங்கள் விடுபட்டும் போகும். கட்டு முழுவதிலும் ஓர் இரட்டைகூட இல்லாதிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கட்டிலிருந்து அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட இரண்டு கூப்பன்களை எடுத்துப் பார்த்தோம். வெளியே அச்சிட்ட வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது. சுரண்டிய எண்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கனடாவில் ஒருவர் சுரண்டும் லாட்டரிச் சீட்டின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கவில்லையா என்று மாணவர் மடக்கினார். நல்ல கேள்வி. டொராண்டோவின் புள்ளியியலாளர் மோகன் ஸ்ரீவஸ்தவா 2003-இல், சீட்டில் வெளியே தெரியும் எண்களில் ஒரே ஒரு முறை வருபவை மூன்று ஒரே வரிசையில் அமைந்தால் அது பெரும்பாலும் பரிசுச் சீட்டு என்று காட்டியது உண்மைதான் (தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்பட்டதும் அதே ஆண்டில்தான்). எத்தனை சீட்டுக்குப் பரிசு என்பதை அச்சிடும்போதே கட்டுப்படுத்த வேண்டியிருந்ததால் அங்கே வெளிப்பக்கமும் உள்பக்கமும் பிணைந்திருந்தன. ரீசார்ஜ் கூப்பனுக்கு அந்தத் தேவையே இல்லை. நிறுவனத்தின் கணினியில் அந்த எண் பதிவாகியிருந்தால் போதும்.

குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கலாமே என்றால், 16 இலக்கங்களில் அமையக்கூடிய எண்கள் நூறு கோடி கோடி. பத்துக் கோடி கூப்பன்கள் பயன்படுத்தப்படாமல் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு முயற்சி பலிக்கப் பத்துக் கோடியில் ஒரு வாய்ப்புத்தான். அதற்குள் தொடர்ந்து தவறான எண் போட்டதற்காக இணைப்பின் ரீசார்ஜ் வசதி முடக்கப்பட்டுவிடும்.

கட்டிய பணத்துக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லும்படி கூறினேன். தொகை சிறியது, வீட்டுக்குத் தெரிந்தால் வம்பு என்று தயங்குகிறார். இந்தத் தயக்கத்தை நம்பியே கடை விரித்திருக்கும் வீடியோக்காரர்கள்மீது, புகார் வரட்டும் என்று காத்திராமல், காவல்துறை தானாகவே நடவடிக்கை எடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்