ஒரு தோணியையாவது உடைபடாமல் காப்பாற்றுங்கள்

வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தாருக்கும், தமிழ்நாடு அரசின் தொல்லியல், அருங்காட்சியகத் துறையினருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

தூத்துக்குடியில் சரக்கேற்றும் பெரிய மரக்கலங்களான தோணிகளுள் வயது முதிர்ந்த ஒன்றை, அது உடைத்து விற்கப்படும் முன்பே அரசு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, மீண்டும் பாய் விரித்து ஓடும் நிலையில் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்நகரின் கடல் வாணிபத்தைச் சுமந்தவை தோணிகள். இன்றைய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில், கரையோரம் ஆழமில்லாததால் பெருங்கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரமிட்டு நின்றன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகளே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காற்றை மட்டுமே நம்பிப் போய்வந்தவையும் அவைதாம். பின்னர் எந்திரம் வந்தது. தோணியின் தலைவர்களான தண்டல்களும் மாலுமிகளும் அதை விரும்பி ஏற்றதில் தவறேதும் இல்லை. காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் நாள்களில் அவர்கள் வீட்டு அடுப்பும் காத்துக் கிடந்தது. ஆயினும், பாய் அமைக்கவும் காற்றுக்கேற்பத் திருப்பவும் அறிந்தவர்கள் மூப்படைந்துவரும் இவ்வேளையில், அந்த அறிவைக் கேட்டுப் பெறுவதற்கு நமக்கு எஞ்சியிருக்கும் காலம் குறுகியது.

காப்பது என்றதும் தோணியைக் கரையேற்றி, வண்ணம் பூசி, வேலி கட்டி நிறுத்திவிடும் எண்ணம் எழக்கூடும். அதைச் செய்துவிடாதீர்கள். கடலில் மிதக்கும்வரை பலகைகள் நீரில் ஊறி உப்பி, ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கும். வெயிலில் நிறுத்தினால் அவை காய்ந்து சுருங்க, பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைத்த கலப்பற்றுப் பஞ்சு கழன்று, இணைப்புகள் வாய் பிளக்கும். உப்புநீரைவிட மழைநீரே மரத்துக்குப் பகை. அது தேங்கும் மூலைகளில், விலா எலும்புபோல் தோணியின் உடலைத் தாங்கும் வங்குகள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். நீர் தாங்கிய பாரம் முழுவதும் சில முட்டுக்கட்டைகளின் மேல் இறங்குவதால் காலப்போக்கில் உடலின் வடிவமே கோணிவிடும். மிதக்கவிட்டாலும் கப்பற்புழு துளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தவறாமல் கரையேற்றிச் சுரண்டி, மருந்து பூசி இறக்கினால் அதைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

செப்பனிடும் முறையிலும் கவனம் தேவை. தச்சர்கள் பெரும்பாலும் வரைபடமின்றிக் கண்ணளவாலும் பழக்கத்தாலும் கட்டியவை இவை. ஆகவே ஒரு பலகையைக் கழற்றும் முன்பே அடிமரமான ஏரா முதல் மேல்தளம் வரை அத்தனை வளைவுகளையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். வங்குகளை ஒரே நேரத்தில் பிரிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்ற வேண்டும். துருவேறிய இரும்பாணிகளைச் சுற்றி மரம் நைந்திருக்கும் இடங்களை மட்டும் அகற்றி, நல்ல மரத்தை அப்படியே விட வேண்டும்.

அமெரிக்காவில் 1841இல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலைக் கனெக்டிகட்டிலுள்ள மிஸ்டிக் அருங்காட்சியகத்தார் 2008இல் கரையேற்றி, ஐந்தாண்டு உழைத்துச் செப்பனிட்டனர். 2014இல் அது மீண்டும் பாய் விரித்துக் கடலோடியது. நம் நாட்டிலும் அஜந்தா ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கௌண்டின்யா கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அம்முயற்சியை மனமாரப் போற்றுகிறேன். ஓவியத்திலிருந்து ஒரு கப்பலை உருவாக்க மனமிருக்கும் நாட்டில், கண்முன் நிற்கும் கப்பலைக் காக்கப் பணமில்லை என்ற விடையை நான் ஏற்க மாட்டேன்.

தோணி உரிமையாளர்கள்மீது இப்பொறுப்பைச் சுமத்துவது நியாயமன்று. பழுதுபார்ப்புச் செலவு வருமானத்தை விஞ்சும்போது உடைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. எனவே, பதிவிலிருந்து நீக்கக் கோரும் விண்ணப்பம் வந்ததும் அத்தோணியை ஆய்வு செய்து அளவெடுக்கும்வரை உடைப்பை நிறுத்திவைக்கவும், அக்காலத்துக்கான ஈட்டுத்தொகையை உரிமையாளருக்கு வழங்கவும் ஆணையிட வேண்டுகிறேன். தேர்ந்தெடுக்கும் தோணிக்குப் பழைய துறைமுகத்திலேயே நிலையான இடம் ஒதுக்குங்கள். மூத்த தச்சர்களையும் கலப்பற்று வேலையாள்களையும் ஆசிரியர்களாக நியமித்து, அவர்களிடம் பயிலும் இளைஞர்களுக்கு மாத ஊதியம் கொடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் மாதத்துக்குள் முதற்கட்ட ஆய்வுக் குழுவையேனும் அமைக்க வேண்டுகிறேன்; அதில் தண்டல் ஒருவருக்கும் இடமிருக்கட்டும்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் குடிமக்களுள் ஒருவர்