சீறும் சகரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே குரல் பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் 'ஸ்' ஒலி காதைக் குத்தினால் டீ-எஸ்ஸர் (பதிவில் 'ஸ்' சீறலைக் குறைக்கும் கருவி அல்லது மென்பொருள்) போட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பல வருடங்களாக ஒலிப்பதிவு செய்கிறவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

'பசை', 'பச்சை' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான்; முதலாவது சீறுகிறது, இரண்டாவது சீறுவதில்லை. நாக்கின் நடுவில் விழும் குறுகலான பள்ளத்தில் காற்று பாய்ந்து முன்பல் விளிம்பில் மோதும்போது பிறப்பது அந்தச் சீறல். அதன் வலு பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். குரல் பளிச்சென்று கேட்க வேண்டும் என்று பல கன்டென்சர் மைக்குகள் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஒலிப்பதிவு மைக் வகை) தூக்கிக் கொடுப்பதும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான். அப்படிப்பட்ட மைக்கை வாய்க்கு நேராக, கிட்டத்தில் வைத்தால் சீறாமல் என்ன செய்யும்?

அண்மையில் கதை வாசிக்க வந்த ஒரு பெண் 'சில சமயம் சொல்லாமல்' என்ற இடத்தில் நான்கு முறை நிறுத்தினார். தன் பல்வரிசைதான் காரணமோ என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை அவர் மூக்கு உயரத்துக்கு ஏற்றி, சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஐந்தாவது முறை சுத்தமாக வந்தது. வேறு எதையும் தொடவில்லை.

டீ-எஸ்ஸர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில், கொஞ்சமாகப் போடுங்கள். அளவு மீறினால் நன்றாகப் பேசுகிறவரின் பேச்சும் மழலையாகிவிடும். அதைவிட முக்கியம், வயதாகும்போது காதில் முதலில் மங்குவது இந்த உயர் அதிர்வெண் ஒலிகள்தான். சீறலை அடியோடு வெட்டிவிட்டால் பெரியவர்களுக்குச் சொல்லே பிடிபடாது. ஒலிநூல்களை நம்பியிருப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

அப்புறம், பாடுகிறவர்களுக்கும் ஒன்று. 'ஸ' என்ற ஸ்வரத்தில் 'ஸ்' ஒலிக்குச் சுருதி கிடையாது. அதை அடுத்து வரும் அகரத்தில்தான் சுருதி நிற்கிறது. 'ஸ்ஸ்' என்று இழுத்தால் ஸ்வரமே பிந்தி வரும். பலர் சேர்ந்து பாடும்போது ஆளுக்கொரு நேரத்தில் விட்டால் ஒரே இரைச்சல். எல்லோரும் ஒரே தட்டில் சட்டென்று விட்டுவிட்டு உயிரெழுத்துக்குப் போய்விட வேண்டும்.

மைக்கை எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது என்று ஒரு படத்தோடு அடுத்த இதழில் அரைப் பக்கமாவது போடுங்கள்.

அன்புடன்,
ஒலிப்பதிவாளரான ஒரு வாசகர்