லூசியானா சட்டமன்றத்துக்கு வேலூரிலிருந்து ஒரு மடல்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் கூடும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

2024-இல் நீங்கள் நிறைவேற்றி, ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கையெழுத்திட்ட சட்டம் பற்றி எழுதுகிறேன். (உங்கள் ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.) உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. சபை, உலகப் பொருளாதார மன்றம் மூன்றுக்கும் லூசியானாவில் எந்த அதிகாரமும் இல்லை. அவற்றின் விதி, வரி, கொள்கை எதையும் மாநில அரசோ நகராட்சியோ செயல்படுத்தக் கூடாது என்கிறது அது.

மாநில உரிமை என்றால் தமிழ்நாட்டுக்காரனுக்கு நெஞ்சு நிமிரும். அதனால் உங்கள் பக்கம் நின்றுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் இல்லாத அதிகாரத்தை எப்படிப் பறிப்பது? டாவோசில் மாநாடு நடத்தும் பொருளாதார மன்றம் அரசு அமைப்பே இல்லை. ஐ.நா.வின் கதையும் அதுதான்: உங்கள் நாட்டில் மரண தண்டனை பெற்ற மெக்சிகோ குடிமக்கள் சிலரின் வழக்குகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2004-இல் அதன் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்று 2008-இல் உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பக்கத்து டெக்சாஸ் அதே ஆண்டு அவர்களில் ஒருவரான மெடலினுக்கு மரண தண்டனையை நிறைவேற்றியும் விட்டது.

சரி, வெறும் அடையாளச் சட்டம் என்று விட்டுவிடலாம் என்றால், அந்தக் 'கொள்கை' என்ற சொல் உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்திடம் போலீஸ் கிடையாது, பெரும்பாலும் பரிந்துரைதான். அதுவும் கொள்கையில் சேருமா? நமக்கேன் வம்பு என்று ஒரு சுகாதார அதிகாரி நல்ல யோசனையை ஓரங்கட்டினால் நட்டம் யாருக்கு?

கார்வில் உங்கள் மாநிலத்து ஊர்தானே. 1941-இல் அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையில்தான் ப்ரோமின் என்ற சல்போன் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சல்போன் மருந்துகள் உலகெங்கும் போனது அதற்குப் பிறகு. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், 1966-இல் வேலைக்குப் போனதும் அங்கேதான். அப்புறம், டாப்சோன் என்ற சல்போன் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி மசியவில்லை என்றானபோது, 1981-இல் கூட்டுமருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது இதே உலக சுகாதார நிறுவனம். இதில் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

கொரோனா காற்றில் பரவுகிறது என்று ஒப்புக்கொள்ள அந்த நிறுவனம் தாமதித்ததில் எனக்கும் கோபம் உண்டு. தாராளமாகத் திட்டுங்கள்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தொடரில் ஒரு வரி சேருங்கள்: மாநிலச் சுகாதாரத் துறை தானே ஆராய்ந்து ஏற்கும் பரிந்துரைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இப்படிக்கு,
வேலூர்க்காரன் ஒருவன்