மிசிசிப்பிப் படகுகளின் விறகுக் கணக்கையும் காட்டுங்கள்

மிசிசிப்பிக் கரை ஊர்களின் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும் சுற்றுலாப் படகு நடத்துவோருக்கும்,

வணக்கம். நீராவிப் படகு என்றால் வெள்ளை மாடங்களும் சுழலும் துடுப்புச் சக்கரமும்தான் பெரும்பாலும் கண்ணுக்குக் காட்டப்படுகின்றன. 1811-இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட ‘நியூ ஆர்லியன்ஸ்’, வழியில் நியூ மேட்ரிட் நிலநடுக்கத்தில் சிக்கியும் தப்பி, 1812 ஜனவரியில் தன் பெயருடைய நகரை அடைந்த கதை சலிக்காமல் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் அந்தப் படகுகள் எதைத் தின்று ஓடின?

விறகைத்தான். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஓர் அடுக்கு. பெரிய படகுகள் ஒரே நாளில் 50 அடுக்குகளுக்கு மேல்கூட எரித்தன. கரை நெடுக விறகுக் கிடங்குகள் முளைத்தன. கட்டணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க நினைத்த கீழ்த்தளப் பயணிகள் ஒவ்வொரு கிடங்கிலும் இறங்கி, பலகை வழியே விறகு சுமந்து ஏற்றினார்கள். மேல்தளத்துக் கனவான்களின் கை அழுக்காகவில்லை.

வெட்டியது சும்மா போகவில்லை. இலினாய் மாநிலத்தின் முதல் தலைநகரான கஸ்காஸ்கியாவைப் பாருங்கள். கரைக்காடுகள் அழிந்து மண் பிடிப்பிழந்ததும் அதன் அழிவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி பக்கத்து ஆற்றின் படுகைக்குள் பாய்ந்து புது வழி கண்டது. ஆற்றங்கரை மரத்தோடு அரசிருந்த ஊரும் போயிற்று. மிஞ்சிய துண்டு இன்று ஆற்றுக்கு மேற்கே கிடக்கிறது. சொந்த மாநிலத்து ஊருக்கு இலினாய்க்காரர் மிசௌரி வழியாகப் போக வேண்டியிருக்கிறது!

1865-இல் ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை ஆர்கன்சா மாநிலத்து மேரியன் ஊர் அருங்காட்சியகம் நினைவில் வைத்திருக்கிறது. பாராட்டுகள். அதே அக்கறை வில்லியம் வெல்ஸ் பிரௌனுக்கும் வேண்டும். செயிண்ட் லூயிஸில் அடிமையாக இருந்த அவரை உடைமையாளர் ஓர் அடிமை வணிகனிடம் வாடகைக்கு விட்டார். நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குப் போகும் படகில், வயதானவர்களின் நரைமுடியைப் பிடுங்குவதும், நரை மிகுந்திருந்தால் கறுப்புச் சாயம் பூசுவதும் அவருக்கிட்ட வேலை. இளமையாகத் தெரிந்தால் விலை கூடும் அல்லவா? 1834 தொடக்கத்தில் சின்சினாட்டியில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையிறங்கிய பிரௌன் படகுக்குத் திரும்பவேயில்லை. பிறகு தன் வரலாற்றைத் தானே எழுதி அச்சிட்டார்.

ஆகவே கேட்பது பெரிதல்ல. செயிண்ட் லூயிஸ் துறையில் ஏறும் பயணிகளுக்கு பிரௌனின் பெயரைச் சொல்லுங்கள். செஸ்டர் பக்கம் போகும்போது கஸ்காஸ்கியா இருந்த திசையைக் காட்டுங்கள். அருங்காட்சியக வாசலில் ஓர் அடுக்கு விறகை அளவு மாறாமல் அடுக்கி, பக்கத்தில் ஒரு நாள் கணக்கை எழுதி வையுங்கள். வரும் பிள்ளைகள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஆற்று வரலாறு படிக்கும் ஒரு வாசகர்