மூலையில் இருந்தவர் எங்கே போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல திரைகளைச் சேர்த்து ஒரே காணொளியைக் காட்டும் வழக்கம் மாநாட்டு அரங்குகள், அருங்காட்சியகங்கள், விமான நிலையங்கள் என எங்கும் பரவிவிட்டது. எத்தனை திரைகள் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், படத்தின் எந்தப் பகுதி அவற்றில் விழுகிறது, எது வெட்டுப்பட்டுப் போகிறது என்று பார்ப்பதாகத் தெரியவில்லை. படத்தொகுப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதுபற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் நான் சென்ற ஒரு கருத்தரங்கில், மேடைக்குப் பின்னால் மூன்று திரைகளை வரிசையாக நிறுத்தி, முன்பே பதிவு செய்த ஓர் உரையை மூன்றின் மீதும் விரித்திருந்தார்கள். படத்தின் வலது கீழ்மூலையில் சைகைமொழி பெயர்ப்பாளர் தோன்றும் சிறு கட்டம் அடியோடு காணாமற்போயிருந்தது. கீழே ஓடிய எழுத்து வரிகளும் அப்படியே. செவித்திறன் குறைந்தவர்களுக்காக முன்வரிசையில் இருக்கைகள் ஒதுக்கியிருந்தவர்களும் அதே ஏற்பாட்டாளர்கள்தாம். கருவியை இயக்கியவரிடம் கேட்டபோது, "திரை முழுக்க நிறைய வேண்டும் என்றார்கள், நிரப்பிவிட்டேன்" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் உள்ள கணக்கு எளியது. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட மூன்று திரைகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் அகலம் 5760 ஆகிறது, உயரமோ அதே 1080. அகலமும் உயரமும் 16:9 என்ற விகிதத்தில் அமைந்த வழக்கமான படத்தை அந்த அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதன் உயரம் 3240 ஆகிவிடும் என்பதால், மேலும் கீழுமாக மூன்றில் இரண்டு பங்கை வெளியே தள்ளியே ஆக வேண்டும். அப்படி மிஞ்சும் பங்கும், மும்மடங்கு பெருக்கப்பட்டதால், கூர்மை இழந்தே தெரியும். வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்து நீட்டினால் பேச்சாளரின் முகம் பூசணிக்காய் ஆகிறது. இவ்விரண்டையும்விட, நடுத்திரையில் முழுப் படத்தையும் வைத்து, ஒரு பக்கத்தில் சைகைமொழி பெயர்ப்பாளரைப் பெரிதாகவும், மறுபக்கத்தில் உரையோடு தொடர்புடைய வரைபடங்களையும் காட்டுவது எவ்வளவோ மேல். காட்ட ஒன்றுமில்லை என்றால் பக்கத் திரைகளைக் கறுப்பாகவே விடலாம்.

இரண்டுக்கு இரண்டாக அடுக்கிய நான்கு திரைகளில் இந்தச் சிக்கல் இல்லை. 3840க்கு 2160 என்பதும் 16:9தான். ஆனால் நான்கு திரைகளின் விளிம்புச் சட்டங்களும் கூடும் இடம் படத்தின் நட்டநடு, பேட்டி கொடுப்பவரின் முகம் பெரும்பாலும் வந்து அமரும் இடமும் அதுவே. மூக்கின் மீது கூட்டல் குறி போட்டதுபோல் தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச்சைக் கேட்க முடியும்? மூன்றுக்கு மூன்று அடுக்கில் நடுவே ஒரு முழுத்திரை கிடைப்பதால் தொல்லை குறைகிறது. சட்டத்தின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும்: சன்னல் கம்பிக்குப் பின்னால் காட்சி தொடர்வதுபோல, சட்டங்களுக்குப் பின்னால் சில பிக்சல்கள் மறைந்திருப்பதாக அமைக்காவிட்டால், ஒரு சாய்கோடு திரைக்குத் திரை முறிந்து படிக்கட்டாகிவிடும். அப்படி அமைத்தால், அந்த இடத்தில் விழும் எழுத்து மறையும் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

1952ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வந்த சினிராமா முறையில், மூன்று படவீழ்த்திகளைக் கொண்டு வளைந்த பெருந்திரையில் படம் காட்டினார்கள். அந்தப் படங்களை எடுத்த கேமராவிலும் மூன்று லென்சுகள் இருந்தன. மூன்று படங்கள் ஒட்டும் கோடு கண்ணை உறுத்தும் என்று தெரிந்ததால், அந்தக் கோடு விழும் இடத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ நிறுத்திப் படமெடுத்ததும் உண்டு. காட்டப்போகும் திரையை மனத்தில் வைத்தே அவர்கள் காட்சியை அமைத்தார்கள். நாமோ எடுத்து முடித்த பிறகு, நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்பு, ஒரு பொத்தானிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறோம்.

நிகழ்ச்சி நடத்துவோரிடம் கேட்பது இதுதான். திரைகளின் எண்ணிக்கை, அடுக்கு, அளவு ஆகியவற்றைக் குறித்த ஒரு படத்தை, படப்பிடிப்புக்கு முன்பே ஒளிப்பதிவாளருக்கும் தொகுப்பாளருக்கும் கொடுங்கள். முதல்நாளே ஓட்டிப்பார்த்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து எழுத்து தெரிகிறதா என்று கேளுங்கள். சைகைமொழிப் பதிவை மூலையில் ஒட்டித் தராமல் தனிக் கோப்பாகக் கேட்டுப் பெறுங்கள். அப்போது மற்றப் படத்தை எப்படி வெட்டினாலும் அவர் திரையில் இருப்பார்.

இப்படிக்கு,
படத்தொகுப்பாளர் ஒருவர்